கிடையும் தொழுவும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம்பார்த்த பூமியில் கால்நடை அடைப்பிடத்தின் பயன்மாற்றங்கள்

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மானாவாரி வேளாண்மையும் ஆடு வளர்ப்பும் ஒன்றையொன்று சார்ந்து நிலைத்த நிலப்பகுதிகள். இங்கு ஆட்டு மந்தையை இரவில் அடைக்கும் இடம் கிடை, பட்டி, தொழு எனப் பல பெயர் பெறுகிறது. பால், கோயில் விளக்கு, நில உரம், தண்டம், இறைச்சி எனக் காலந்தோறும் இவ்வடைப்பிடத்தின் பயன் மாறி வந்துள்ளது. இலக்கியம், கல்வெட்டு, சட்டம், வழக்குச்சொல் ஆகிய சான்றுகளைக் கொண்டு இம்மாற்றங்களை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது. கிடையின் தொடர்ச்சி அதன் கட்டுமானத்தில் இல்லை. ஆட்டுக்காரர், நிலத்துக்காரர், ஊர் ஆகிய மூவரிடையே நிலவும் உடன்பாட்டில் உள்ளது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கிடை, பட்டி, தொழு, மந்தை, சாவா மூவாப் பேராடு, கீதாரி, கரிசல்.

முன்னுரை

கோயில், கோட்டை, அரண்மனை, சத்திரம் ஆகியவற்றின் வரலாறு தமிழில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. கால்நடைகளை அடைத்த இடங்களின் வரலாறு அவ்வாறு எழுதப்படவில்லை. அவ்விடங்கள் கல்லாலும் சுண்ணத்தாலும் எழுந்தவை அல்ல என்பதே இதற்கு முதன்மைக் காரணம். முள்ளும் கழியும் ஓலையும் கொண்டு அமைந்தவை சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். அழிந்துபோன பொருளுக்கு வரலாறு எழுதுவது கடினம்.

உலகின் பிற பகுதிகளில் மரத்தால் அமைந்த கால்நடைப் பண்ணைகள் சில வரலாற்றுச் சின்னங்களாகக் காக்கப்படுகின்றன. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள கிரான்ட்-கோர்ஸ் பண்ணை அவற்றுள் ஒன்று. 1862இல் ஜானி கிரான்ட் அமைத்த அப்பண்ணை 1866இல் கான்ராட் கோர்ஸ் என்பவரிடம் கைமாறியது. பெரும் மாட்டு வாணிகத்தின் நடுவிடமாக வளர்ந்தது. 1972இல் அது தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்கப்பட்டது. மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய கட்டடங்கள் அங்கு இன்றும் நிற்கின்றன. கட்டடம் நிற்பதால் அதன் பயன்மாற்றங்களையும் படிக்க முடிகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் அவ்வாறு நிற்கும் பண்ணைக் கட்டடம் ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. ஆயினும் அதே பணியைச் செய்த அமைப்பு இங்கு நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அதுவே கிடை. கட்டடம் இல்லாத இவ்வமைப்பின் பயன்மாற்றங்களை எச்சான்றுகளைக் கொண்டு அறியலாம், அம்மாற்றங்களினூடே மாறாமல் நின்றது யாது என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

1. நிலமும் சொல்லும்

1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1985இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. குண்டாறு திருச்சுழியை ஒட்டிச் செல்கிறது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதி அதில் நீர் ஓடுவதில்லை. கண்மாய்ப் பாசனம் உள்ள இடங்களில் நெல்லும், மற்ற இடங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி ஆகியனவும் பயிராகின்றன. கரிசலும் செவலும் பொட்டலும் அடுத்தடுத்து அமைந்த நிலம் இது.

இம்மண் வேறுபாடு கால்நடை வளர்ப்பை நேரடியாகத் தீர்மானித்தது. கரிசல் மழையில் களியாகி ஒட்டும். கோடையில் வெடித்துப் பிளக்கும். மழைக்காலத்தில் சேறான கரிசலில் ஆடுகளை இரவில் கிடத்தினால் குளம்பு அழுகும். ஆகவே மழை நாட்களில் மேட்டுச் செவலிலும் பொட்டலிலும், அறுவடை முடிந்த கோடையில் கரிசலிலும் ஆடுகளை அடைப்பது வழக்கமாயிற்று. இடம் பெயர்தல் இவ்வமைப்பின் இயல்பாக அமைந்தது.

அடைப்பிடத்தைக் குறிக்கும் சொற்களும் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. ‘கிட’ என்னும் வினையடியாகப் பிறந்தது கிடை. ஆடுகள் இரவில் கிடக்கும் இடம் என்பது பொருள். அது இடத்தை மட்டுமன்றி அங்கு அடையும் ஆட்டுத் தொகுதியையும், அடைக்கும் செயலையும் குறிக்கும். ‘கிடை போடுதல்’, ‘கிடை அமர்த்துதல்’, ‘கிடை மறித்தல்’ ஆகிய தொடர்கள் செயலை உணர்த்துவன. தொழு என்பது வீட்டையோ தோட்டத்தையோ ஒட்டி நிலையாக அமைந்த கொட்டம். பெரும்பாலும் மாடுகளுக்கு உரியது. பனங்கை பாவி ஓலை வேய்ந்த தொழுக்கள் இப்பகுதியில் பரவலாக இருந்தன. முற்றிய பனையின் வைரம் பாய்ந்த புறப்பகுதியைப் பிளந்து எடுக்கும் பனங்கை, தச்சு மரம் அரிதான இவ்வறண்ட நிலத்தில் எளியோரின் கூரை மரமாகப் பயன்பட்டது. பட்டி என்பது அடைப்பிடம், ஆட்டு மந்தை, சிற்றூர் என்னும் மூன்று பொருளும் தரும். பாளையம்பட்டி, ரெட்டியபட்டி, காரியாபட்டி எனப் பட்டி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. இவை யாவும் ஆட்டுப்பட்டியிலிருந்து வளர்ந்த ஊர்கள் என்று கொள்ளுதல் கூடாது. சிற்றூர் என்னும் பொருள் நிலைத்த பின்னரும் அச்சொல் ஊர்ப்பெயர்களில் இடப்பட்டிருக்கும். எனினும் விலங்கை அடைக்கும் இடத்துக்கும் மக்கள் வாழும் இடத்துக்கும் ஒரே சொல் வழங்குவது, இரண்டும் ஒருகாலத்தில் அருகருகே அமைந்தன என்பதை உணர்த்துகிறது. மந்தை என்னும் சொல்லும் அவ்வாறே விலங்குக் கூட்டத்திலிருந்து ஊர்ப் பொதுவிடத்துக்குப் பெயர்ந்தது. ஊர்க் கூட்டம் கூடும் இடமும் திருவிழா நடைபெறும் இடமும் இன்று மந்தை எனப்படுகின்றன.

2. பழந்தமிழ் இலக்கியத்தில் அடைப்பிடம்

அடைப்பிடத்தின் கட்டமைப்பைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், கோவலர் குடியிருப்பைக் கூறும் பகுதியில் கழிகளைச் செறித்துக் கட்டிய கதவு, கற்றை வேய்ந்த குடில், தோல் விரிப்பில் காவலர் உறங்குதல், கிடாய்களைக் கட்டும் குறுந்தறிகள், செம்மறியும் வெள்ளாடும் சேர்ந்து கிடக்கும் முற்றம், சுற்றிலும் முள்வேலி, உள்ளே எருக்குவியல் ஆகியவற்றை வரிசையாகக் குறிப்பிடுகிறார். அந்நூல் தொண்டைமான் இளந்திரையன் நாட்டைப் பாடுவதாதலின், அதனைப் பாண்டிநாட்டு வழக்குக்கு நேர்ச்சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் கழி, முள், தறி, தோல், எரு ஆகிய ஐந்து உறுப்புகளும் தென்பாண்டிநாட்டுக் கிடையின் அமைப்போடு ஒத்துள்ளன. மலைபடுகடாம், இரவில் ஆட்டு மந்தையிடம் வந்து சேரும் கூத்தருக்குப் பாலும் உணவும் மென்மயிர்ப் படுக்கையும் கிடைக்கும் என்கிறது. கிடை வழிச்செல்வோர்க்கு விடுதியாகவும் பயன்பட்டமை இதனால் விளங்கும்.

கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவல் நிகழும் இடத்தைத் தொழு என்றே கூறுகிறது. விலங்கை அடைக்கும் இடமே வீரத்தைக் காட்டும் களமாகவும் மணவுறவைத் தீர்மானிக்கும் இடமாகவும் ஆனதை இப்பாடல்கள் காட்டுகின்றன. எனவே ஓர் அடைப்பிடம் ஒரு பயனுக்கு மட்டும் உரியது என்னும் கருத்து சங்க காலத்துக்கே பொருந்தாது. உறைவிடம், விருந்திடம், விழாக்களம் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியிருந்தன.

3. விளக்குக்கு உரிய ஆடு

இடைக்காலத்தில் ஆட்டு மந்தைக்குப் புதியதொரு பயன் சேர்ந்தது. திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரரின் பதிகம் பெற்ற தலம். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14இல் ஒன்று. கல்வெட்டுகள் இவ்வூரைப் பருத்திக்குடி நாட்டுத் திருச்சுழியல் என்று குறிக்கின்றன. இதனை அடுத்த பள்ளிமடத்தில் உள்ள சிவன் கோயில், பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று கல்வெட்டில் பெயர் பெறுகிறது. பாண்டிய அரசர் ஒருவரின் நினைவாக எழுந்த கோயில் என்பது அப்பெயராலேயே புலனாகும். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்தனவாகிய 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. நந்தாவிளக்கு எரிப்பதற்கு ஆடு விட்ட செய்திகள் அக்கோயில் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன.

விளக்குக்கு ஆடு விடும் முறையின் பொருளாதாரம் நுட்பமானது. கொடையாளர் குறித்த எண்ணிக்கை ஆடுகளைக் கோயிலுக்கு அளிப்பார். சோழநாட்டில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்பதும், பாண்டிநாட்டில் 50 ஆடு என்பதும் மிகுதியாகக் காணப்படும் அளவுகள். அவ்வாடுகளை இடையர் ஏற்று, நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். உழக்கு நெய் என்பது பெருவழக்கு. அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஓர் ஆடு இறக்கும், மூக்கும். ஆனால் மந்தையில் ஈன்ற குட்டி அதன் இடத்தை நிரப்பும். ஆகவே எண்ணிக்கை சாவதில்லை, மூப்பதில்லை. தனி விலங்கு அழியும் தன்மையது, தொகுதி அழியாத் தன்மையது என்னும் இவ்வேறுபாட்டை நான்கு சொற்கூட்டில் அடக்கிய இத்தொடர், கணக்கியல் நோக்கிலும் சொல்லாட்சி நோக்கிலும் சிறப்புடையது.

இம்முறையில் ஆடு முதலாகவும் நெய் அதன் வட்டியாகவும் அமைந்தன. முதல் கோயிலுக்கு உரியது. மேய்க்கும் உழைப்பும் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் இடையருடையன. ஓர் இடையர் தவறினால் பிற இடையர் பொறுப்பேற்கும் ‘இடைப்புணை’ என்னும் பிணைமுறையைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கல்வெட்டு, கிடை எங்கே இருந்தது, எவ்வளவு பெரிது, எப்பொருளால் அமைந்தது ஆகியவற்றைக் கூறுவதில்லை. எண்ணிக்கையையும் பொறுப்பையும் மட்டுமே கூறுகிறது. இடத்தைப் பதியாமல் உடன்பாட்டைப் பதிந்த இவ்வழக்கம், கிடையின் உண்மையான இயல்பு எது என்பதற்கு முதற்சான்றாகிறது. கழியும் முள்ளும் மாற்றத்தக்கவை. உடன்பாடு மாற்றத்தக்கதன்று என்பது அக்காலத்தார் கருத்து எனலாம்.

4. எருவுக்கு உரிய இரவு

உழவு அதிகாரத்தில் வள்ளுவர் எருவிடுதலை ஏர் உழுதலுக்கும் மேலாக வைத்துள்ளார். மானாவாரி நிலத்தில் அவ்வெருவைத் தந்தது கிடையே. தை, மாசியில் அறுவடை முடிந்த பின்னர் வெற்றாகக் கிடக்கும் புஞ்சைகளில், அடுத்த விதைப்புக்கு முன்னர் வரை ஆடுகளை இரவுதோறும் அடைப்பர். ஒரு நாள் அல்லது சில நாட்களுக்கு ஒருமுறை அடைப்பை அடுத்த துண்டு நிலத்துக்கு நகர்த்துவர். இவ்வாறு ஒரு புஞ்சை முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் சீராகப் பரவும். கிடை எடுத்த நிலத்தை உடனே மேலாக உழுது எருவை மண்ணில் மூடுதல் முறை. இல்லையேல் வெயிலில் சத்து வீணாகும்.

ஆட்டெருவில் சராசரியாக 3 விழுக்காடு தழைச்சத்தும் 1 விழுக்காடு மணிச்சத்தும் 2 விழுக்காடு சாம்பல்சத்தும் உள்ளன என்று வேளாண் நூல்கள் கூறுகின்றன. தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ 0.5 விழுக்காடே. அள்ளிச் சுமந்து கொட்டும் எருவில் கிடைக்காத மூத்திரச் சத்தும் கிடையில் நேரே மண்ணில் சேர்கிறது. வண்டியும் கூலியும் இன்றி எரு தானே நடந்து வந்து நிலத்தில் சேர்வது கிடையின் பெரும் சிறப்பு.

இப்பயனுக்கு ஒரு விலை இருந்தது. ஆட்டின் எண்ணிக்கையையும் இரவின் எண்ணிக்கையையும் பெருக்கிக் கிடைக்கூலி கணிக்கப்பட்டது. கூலி முன்னர்த் தானியமாகவும், கிடைக்காவலர்க்கு உணவாகவும், பின்னர்ப் பணமாகவும் அளிக்கப்பட்டது. பலருடைய ஆடுகளை ஒருங்கு சேர்த்து நடத்தும் தலைமை ஆட்டுக்காரர் கீதாரி எனப்படுவார். எந்த ஊருக்குச் செல்வது, எந்தப் புஞ்சையில் அமர்வது, கூலி எவ்வளவு என்பனவற்றை நிலத்துக்காரரோடு பேசி முடிப்பவர் அவரே. இராமநாதபுரம் பகுதிக் கீதாரிகள் கோடையில் காவிரிப்படுகை வரை பெயர்ந்து சென்று, அறுவடையான வயல்களில் கிடை அமர்த்துவது நெடுநாள் வழக்கம்.

இங்கு விற்கப்பட்டது ஆடு அன்று, பாலும் அன்று. ஆடு உறங்கும் இரவே விற்பனைக்கு உரியதாயிற்று. பகலில் ஆடு பொதுநிலத்தில் மேய்ந்தது. இரவில் தனியார் நிலத்தை வளப்படுத்தியது. பொதுநிலத்தின் புல்லைத் தனியார் புஞ்சையின் உரமாக மாற்றும் இயக்கமாகக் கிடை செயல்பட்டது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் இடைக்காலம் தொட்டு நிலவிய கிடைமுறையோடு இதனை ஒப்பிடலாம். அங்கு மந்தையை உழுநிலங்களில் மேய்த்து அடைக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுவின் கையில் இருந்தது; எருவின் பயனும் அவ்வுரிமையோடு பிணைந்திருந்தது. இங்கோ இரவை விலைபேசும் உரிமை ஆட்டுக்காரரிடம் இருந்தது. சொந்த நிலம் இல்லாத ஆட்டுக்காரர், நிலத்துக்காரரோடு எதிர்நின்று பேரம் பேசும் வலிமையை இதனால் பெற்றார்.

5. தண்டத்துக்கு உரிய பட்டி

திருச்சுழிப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியில் இராமநாதபுரம் சமீனில் அடங்கியிருந்தது. அக்காலத்தில் அடைப்பிடத்துக்கு வேறொரு பயனைச் சட்டம் வகுத்தது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரில் இறங்கிய விலங்கைப் பிடித்து அரசு அமைத்த பட்டியில் அடைக்கவும், தண்டம் செலுத்தினால் மட்டும் விடுவிக்கவும், உரியவர் வாராவிடில் ஏலமிடவும் வழிசெய்தது. ‘பவுண்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பட்டி என்னும் தமிழ்ச்சொல்லும் இப்பொருளில் ஒருங்கே வழங்கின. காக்கும் இடத்தின் பெயர் தண்டிக்கும் இடத்தின் பெயராயிற்று.

இப்பொருள் தமிழ் வழக்குக்கு முற்றிலும் புதியது என்று சொல்வதற்கில்லை. குற்றவாளியின் காலைத் துளைகளில் மாட்டிப் பூட்டும் மரக்கட்டைக்குத் தொழு, தொழுமரம் என்னும் பெயர்கள் முன்னரே இருந்தன. அடைத்தல் என்னும் பொதுப்பொருள் இரு திசையிலும் விரிந்துள்ளது. எனினும் சட்டத்தால் விளைந்த மாற்றம் சொல்லளவில் நிற்கவில்லை. பயிர் அழிவு நேர்ந்தால் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் நிலத்துக்காரரும் ஆட்டுக்காரரும் பேசித் தீர்க்கும் வழக்கோடு, அரசு வகுத்த தண்டப் பட்டியலும் வந்து சேர்ந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் ஒதுக்குக் காடுகளில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தியது. 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னர் சமீன் நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாறின. மேய்ச்சல் நிலம், மந்தை ஆகியன புறம்போக்கு என்னும் வகைப்பாட்டில் அரசுக் கணக்கில் இடம்பெற்றன. இக்கணக்குகளில் மேய்ச்சல் நிலத்துக்குத் தலைப்பு உண்டு. மந்தைக்குத் தலைப்பு உண்டு. கிடைக்குத் தலைப்பு இல்லை. ஆண்டுதோறும் இடம் மாறும் ஒன்றைப் புல எண்ணில் அடக்க இயலாமையே காரணம்.

6. புனைகதையில் கிடை

ஆவணம் பதியாத கிடையைப் புனைகதை பதிந்தது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ என்னும் குறுநாவல் கரிசல் வட்டாரக் கிடையையே கதைக்களமாகக் கொண்டது. எல்லப்பன், செவனி ஆகிய இருவரின் காதலும், அவர்களின் கவனப்பிசகால் ஆடுகள் பருத்திப் புஞ்சையில் இறங்கி அழிவு செய்தமையும், அதன் பின்னர் கிடைக்காரர் நடத்தும் விசாரணையும் கதையின் உடல். பலருடைய ஆடுகள் ஒரு கிடையில் சேர்ந்திருத்தல், அழிவுக்கான பொறுப்பைப் பகிர்தல், கிடைக்குள்ளேயே துப்பறிந்து தீர்ப்புக் கூறுதல் ஆகியன அதில் விரிவாகப் பதிவாகியுள்ளன. கிடை ஒரு தொழிலிடம் மட்டுமன்றி ஒரு மன்றமும் ஆகும் என்பதை அக்குறுநாவல் நிறுவுகிறது. அத்தீர்ப்பில் சாதி ஏற்றத்தாழ்வு எவ்வாறு ஊடாடுகிறது என்பதையும் அது மறைக்கவில்லை. அம்ஷன்குமார் இயக்கிய ‘ஒருத்தி’ என்னும் திரைப்படம் இதனை அடிப்படையாகக் கொண்டது. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் பெயர்ந்து வாழும் கிடைக் குடும்பங்களின் வாழ்வை, சிறப்பாகப் பெண்களின் நிலையை, காட்டுகிறது. கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) இத்தொழிலைச் சூழ்ந்த மக்கள் பேச்சைத் தொகுத்த முன்னோடி முயற்சியாகும்.

இப்படைப்புகள் உணர்த்தும் பொதுக்கூறு ஒன்று உண்டு. கதையில் சிக்கல் எழுவது கிடையின் வேலி முறிந்ததால் அன்று. கிடைக்கும் புஞ்சைக்கும் இடையே உள்ள நம்பிக்கை முறிந்ததால். பள்ளிமடம் போன்ற கோயில்களின் கல்வெட்டுகள் எண்ணிக்கையாலும் பொறுப்பாலும் பதிந்த உடன்பாட்டையே, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நவீனப் புனைகதை மனித உறவுகளால் பதிந்துள்ளது.

7. இறைச்சிக்கு உரிய ஆடு

இவ்வட்டாரத்திலும் இதனை ஒட்டிய பகுதிகளிலும் வளரும் ஆட்டினங்கள் தனித்தன்மை உடையன. வெண்ணிற உடலில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடு, பொட்டு ஆடு என வழங்கும். கரும்பழுப்பு உடலும் கரிய வயிறும் உடையது கீழக்கரிசல் ஆடு. இராமநாதபுரம் வெள்ளை, வெள்ளாட்டில் கன்னி, கொடி ஆகியனவும் இங்கு வளர்வன. இச்செம்மறி இனங்கள் கம்பளிக்கு உரியன அல்ல. வறட்சியைத் தாங்கி நெடுந்தொலைவு நடந்து மேய வல்லன. கிடை வாழ்க்கையே இவ்வியல்புகளைத் தேர்ந்து வளர்த்தது எனலாம். வேம்பூர் இனத்தைப் பேணும் பணியைச் சாத்தூரில் உள்ள அரசு ஆட்டுப் பண்ணை செய்து வருகிறது.

1960களுக்குப் பின்னர் வேதியுரம் பரவியதால் கிடைக்கான தேவை குறைந்தது. அதே காலத்தில் இறைச்சியின் விலை உயர்ந்தது. எட்டயபுரம் ஆட்டுச் சந்தை போன்றவை வழியே ஆடு முதன்மையாக இறைச்சிக்கு உரிய விலைப்பொருளாயிற்று. இரவை விற்ற ஆட்டுக்காரர் இப்போது உடலை விற்கிறார். கிடை பல இடங்களில் ஆட்டைச் சந்தைக்கு வளர்க்கும் இடமாகவும், எரு மூட்டையாகக் கட்டி விற்கும் துணைப்பொருளாகவும் மாறியுள்ளது.

சீமைக் கருவேலம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. எரிபொருளுக்கெனப் பரப்பப்பட்ட இம்மரம் கண்மாய்களிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் தரிசுப் புஞ்சைகளிலும் அடர்ந்தது. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும். செரிக்காத விதை புழுக்கையோடு வெளியேறி முளைக்கும். நிலத்தை வளப்படுத்திய கிடையே நிலத்தில் முள்மரம் பரவவும் வழியாயிற்று. இதனால் கிடையை விரும்பாத நிலத்துக்காரரும் உளர். மறுபுறம், புல் அற்ற கோடையில் ஆட்டைக் காப்பது அந்நெற்றே. கரிமூட்டம் போட்டுக் கரி விற்பது இப்பகுதி மக்கள் பலருக்கு வாழ்வாதாரமாகவும் உள்ளது. ஆகவே இம்மரத்தை நன்மை என்றோ தீமை என்றோ ஒரு சொல்லில் முடித்தல் இயலாது.

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு 4 ஆடுகள் அளிக்கப்பட்டன. இதனால் ஆடு வளர்ப்பு பல புதிய வீடுகளுக்குப் பரவியது. பெண்களின் கைக்கு ஒரு சேமிப்பு வந்தது. ஆனால் வீட்டுத் தொழுவில் அடையும் 4 ஆடு கிடை ஆகாது. நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரு புஞ்சையில் ஒருங்கே கிடந்தால்தான் எருவின் பயன் உண்டு. எண்ணிக்கை சிதறும்போது ஆடு நிலைக்கும்; கிடை மறையும்.

8. சின்னமாகும் தகுதி

கட்டடமாக இருப்பதைக் காக்கச் சட்டமும் துறையும் உள்ளன. இடம்பெயரும் வழக்கத்தைக் காப்பது எவ்வாறு என்னும் வினா உலகளவில் அண்மையில்தான் எழுந்துள்ளது. ஆஸ்திரியா, கிரீஸ், இத்தாலி ஆகிய நாடுகளின் பருவந்தோறும் மந்தை பெயரும் வழக்கத்தை 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் தொட்டுணரா மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் மேலும் பல ஐரோப்பிய நாடுகள் அதில் இணைந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்கள், மேய்ச்சலாளர்கள் ஆகியோர்க்குரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்துள்ளது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் பெயர்ந்து மேய்ப்போரின் பருவகால உரிமையையும் ஏற்கிறது. ஆனால் அது காட்டு நிலத்துக்கு உரியது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் கிடை பெரும்பாலும் தனியார் புஞ்சையிலும் ஊர்ப் புறம்போக்கிலும் நிகழ்வது. ஆகவே அச்சட்டத்தின் பயன் இதனை எட்டுவதில்லை.

முள்வேலியையும் குடிலையும் அருங்காட்சியகத்தில் வைப்பதால் கிடை காக்கப்படாது. கழிக்கதவும் குட்டிக்கூடும் ஓலைக்குடிலும் இன்று நைலான் வலையாலும் தார்ப்பாயாலும் மாற்றப்பட்டுள்ளன. இம்மாற்றத்தைச் சிதைவு என்று கருதுவது பொருந்தாது. கிடையின் பொருள்கள் எக்காலத்தும் மாற்றப்படுவனவே. காக்க வேண்டியவை மூன்று: ஆடு நடந்து செல்லும் பாதை, பகலில் மேயும் பொதுநிலம், இரவை விலைபேசும் உடன்பாடு. இவற்றுள் முதல் இரண்டும் நிலக் கணக்கில் பதியத்தக்கவை. மூன்றாவது சொல்லால் மட்டுமே நிற்பது. அதனைப் பதிய வேண்டிய பொறுப்பு வழக்காற்று ஆய்வாளர்க்கு உரியது. கூலி பேசும் முறை, ஆட்டு அடையாளம், கிடை நகர்த்தும் கணக்கு, அழிவுக்கு ஈடு செய்யும் வழக்கு ஆகியவற்றைக் கீதாரிகளிடம் கேட்டுத் தொகுப்பதே உடனடிப் பணி.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

அ. கிடை, பட்டி, தொழு, மந்தை ஆகிய சொற்கள் அடைப்பிடம், விலங்குத் தொகுதி, ஊர், ஊர்ப் பொதுவிடம், தண்டனைக் கருவி எனப் பொருள் விரிந்துள்ளன. இவ்விரிவே பயன்மாற்றத்தின் மொழிச்சான்று.

ஆ. சங்க இலக்கியத்தில் உறைவிடமாகவும் விழாக்களமாகவும், பாண்டியர் காலத்தில் விளக்கு நெய்யின் முதலாகவும், வேளாண் வழக்கில் எருவின் ஊற்றாகவும், ஆங்கிலேயர் சட்டத்தில் தண்டனை இடமாகவும், இன்று இறைச்சிச் சந்தையின் வாயிலாகவும் அடைப்பிடம் பயன்பட்டுள்ளது. புதிய பயன் வந்தபோது பழைய பயன் உடனே மறையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது.

இ. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டின் எக்கூறு விலை பெறுகிறது என்பது மாறியுள்ளது. பாலும் நெய்யும், பின்னர் இரவும் எருவும், இப்போது உடலும் விலை பெறுகின்றன. இரவு விலை பெற்ற காலத்தில் நிலமற்ற ஆட்டுக்காரர்க்கு நிலத்துக்காரரோடு பேரம் பேசும் வலிமை இருந்தது. அவ்வலிமை இன்று குறைந்து வருகிறது.

ஈ. கிடையின் தொடர்ச்சி கழியிலும் முள்ளிலும் இல்லை, உடன்பாட்டில் உள்ளது. ஆடு சாவினும் மூப்பினும் எண்ணிக்கை சாவாது மூவாது என்று கல்வெட்டு கருதிய நெறி, கிடைக்கும் பொருந்தும். முள்ளும் கழியும் உலர்ந்து போகலாம். அடுத்த கோடையில் எந்தப் புஞ்சையில் அமர்வது என்று பேசி முடிக்க ஆட்டுக்காரரும் நிலத்துக்காரரும் இருக்கும் வரை கிடை இருக்கும்.